ஜுவிதா தைத்த கொடிகள்

ஜுவிதாவின் அப்பாவை இந்தோனேசிய ராணுவம் அடித்துக் கொன்றது கிழக்குத் திமோரின் லெபுஹாட்டு ஊரின் கால்பந்து மைதானத்தில், பட்டப்பகலில், ஊர்ச்சனம் மொத்தத்தையும் வரிசையாக உட்காரவைத்துவிட்டு. அவர் வீட்டுக் கூரைக்குள் ஒரு துணி கிடைத்தது என்பதுதான் குற்றம். சிவப்புத் துணி, ஓரத்தில் மஞ்சளும் கறுப்பும், கறுப்பின் நடுவில் ஒரு வெள்ளை நட்சத்திரம். போர்த்துக்கீசியர் போனதற்கும் இந்தோனேசியர் வந்ததற்கும் நடுவே, திமோருக்கென்று சில நாள் பறந்த கொடி. அதை அவர் வாயில் திணித்து, கம்பத்தோடு கட்டி, துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். ஜுவிதாவுக்கு அப்போது எட்டு வயது. அம்மா அவள் கண்ணைப் பொத்தப் பார்த்தாள். ஒரு சிப்பாய் வந்து அந்தக் கையைத் தட்டிவிட்டு, "பாக்கட்டும்" என்றான்.

அவள் பார்த்தாள்.

அந்த மழைக்காலத்திலேயே அம்மாவும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அம்மாவின் அக்கா பல்பினாதான் ஜுவிதாவைக் கைப்பிடித்துத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். பெரியம்மாவுக்குக் கைக்குழந்தை ஒன்று இருந்தது, ருஃபினு. பெரியம்மா மக்காச்சோளக் காட்டுக்குப் போகும்போது அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவது ஜுவிதாவின் வேலை. அவன் முதல் பல் முளைத்தபோது கடித்தது அவள் தோளைத்தான்.

பக்கத்து டவுன் மாலியானாவில் கன்னியாஸ்திரிகள் தையல் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பழைய கால் மிதி மெஷினும் கிடைத்தது. அனிசேத்து என்ற, அதிகம் பேசாத, காப்பிக்காட்டு வேலைக்காரனைக் கட்டிக்கொண்டு ஜுவிதா தனி வீடு போனாள். சுற்று வட்டாரத்தில் வேறு மெஷின் கிடையாது. அதனால் ஆகஸ்டு மாதம் வந்தால் இந்தோனேசிய சுதந்திர தினத்துக்குச் சிவப்பு வெள்ளைக் கொடி தைக்கும் வேலை அவள் தலையில் விழும். மாட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் கூரையைப் பிரிப்பார்கள்.

குழாயடியில் ஒருத்தி கேட்டாள்: "ஏண்டி, அப்பன அடிச்சுக் கொன்னவனுக்குக் கோமணமா தைக்கிற?"

"ஆமா. ஒம் புருசனுக்கும் ஒண்ணு வேணும்னா இடுப்பளவு சொல்லு, தச்சுத் தரேன்."

வாயில் அவளை ஜெயிக்க ஊரில் ஆள் இல்லை. ஆனால் கொடித் துணியை வெட்டும்போது அவள் பல்லைக் கடித்துக்கொள்வதை அனிசேத்து பார்த்திருக்கிறான். அந்தச் சத்தம் மெஷின் சத்தத்துக்கு மேலாகக் கேட்கும் என்பான்.

தொண்ணூற்றொன்பதாம் வருடம், விடுதலையா இந்தோனேசியாவோடு இருப்பதா என்று மக்களே ஓட்டுப்போட்டுச் சொல்லட்டும் என்று ஐ.நா. அறிவித்ததும் ராணுவம் ஊர்ப்பையன்களைப் பிடித்து மிலிசியா என்ற அடியாள் படை ஆக்கியது. அரிசி, சட்டை, சாராயம், ஆளுக்கொரு வெட்டுக்கத்தி. லெபுஹாட்டில் அதில் முதலில் சேர்ந்தவன் ருஃபினு. சேர்ந்த வாரமே தலைவன் ஆகிவிட்டான். ஒரு கட்டுச் சிவப்புத் துணியும் ஒரு கட்டு வெள்ளைத் துணியும் கொண்டுவந்து அக்காவின் மெஷின் மேல் போட்டான்.

"தலைப்பட்டி தைக்கணும்க்கா. எலாஸ்டிக் வச்சு. ஓடும்போது அவுந்து விழக்கூடாது."

"யாரத் தொரத்திட்டு ஓடப் போற?"

"நீ தையி."

"ஒனக்கு மொத யூனிஃபார்ம் டவுசர் தச்ச மெஷின் இதுதாண்டா. அன்னிக்கும் எலாஸ்டிக்தான். வாத்தியாருக்குப் பயந்து ஈரமாக்கிட்டு வந்து நின்ன."

கூட வந்த பையன்கள் சிரித்துவிட்டார்கள். ருஃபினு சிரிக்கவில்லை. சிரித்தவர்களில் ஒருவனைத் திரும்பிப் புறங்கையால் அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் வெள்ளைத் துணியில் சொட்டியது. ஜுவிதா அந்த இடத்தை வெட்டிப் போட்டுவிட்டு மீதியில் தைத்தாள்.

பிறகு மாதா கோயிலுக்கு முன்னால், இந்தோனேசியாவோடுதான் இருப்போம் என்று மிலிசியாக்காரர்கள் ஊரிடம் சத்தியம் வாங்கினார்கள். ஒரு நாயை வெட்டி, அதன் ரத்தத்தைப் பிளாஸ்டிக் வாளியில் பிடித்து, பனஞ்சாராயம் கலந்து, ஆண் பெண் எல்லாரையும் வரிசையில் வரச்சொன்னார்கள். ஒரு வாய் குடிக்க வேண்டும். சிவப்பு வெள்ளைக் கொடியை முத்தமிட வேண்டும். கொடி ஜுவிதா தைத்தது. அவள் குடித்தாள், முத்தமிட்டாள், நகர்ந்தாள். பின்னால் வந்த அனிசேத்து குடித்தான். கொடிக்குக் குனிந்தபோது வாந்தி எடுத்தான். குடித்ததெல்லாம் கொடியின் வெள்ளைப் பாதியில் விழுந்தது.

கொடியைப் பிடித்திருந்தவன் பின்னால் நகர்ந்தான்.

"மச்சானுக்கு வயிறு சரியில்ல போலிருக்கு" என்றான் ருஃபினு, கனிவாக. பிறகு பக்கத்தில் இருந்தவன் கையிலிருந்து இரும்புக் குழாயை வாங்கினான். முதல் அடியில் அனிசேத்து விழுந்தான். மூன்றாவது அடியில் முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைகிற சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. பல்பினா ஓடிவந்து மகனின் கையைப் பிடித்துத் தொங்கினாள். அவன் அம்மாவை உதறினான். அவள் வாளியின் மேல் போய் விழுந்தாள். அவள் பாவாடையெல்லாம் நாய் ரத்தம்.

"பெத்த வயித்துல கல்லக் கட்டிக்கிறேண்டா, பாவி" என்று அவள் மண்ணில் உட்கார்ந்து அழுதாள். அன்று சாயங்காலம் அவளே மூலிகை அரைத்து மருமகன் காலுக்குக் கட்டுப் போட்டாள்.

ஓட்டுப்போடும் நாளில் அனிசேத்துவை ஒரு தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள் ஜுவிதா. சீட்டில் இரண்டு கொடிப் படங்கள். வேண்டியதை ஆணியால் குத்தவேண்டும். அவள் குத்திய வேகத்தில் ஆணி அடியிலிருந்த பலகையில் இறங்கி, பிடுங்க வரவில்லை. மேசையில் இருந்த வெள்ளைக்காரப் பெண் வந்து எடுத்துக்கொடுத்தாள்.

முடிவு வானொலியில் வந்தது. விடுதலை ஜெயித்திருந்தது. அன்றே மிலிசியா வீடுகளைக் கொளுத்தத் தொடங்கியது.

ஊர் மலைக்கு ஓடியது. ஜுவிதா தன் ஒரே மகள் ஸெலியாவைப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு அனுப்பிவிட்டாள். அனிசேத்துவால் நடக்க முடியாது. தூக்க ஆள் இல்லை. "நீயும் போ" என்று அவன் சொன்னான். "வாய மூடு" என்று அவள் சொன்னாள். அடுப்பில் கிழங்கு வேகவைத்தாள். இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டாள். தைத்து முடித்திருந்த சட்டைகளைத் தேய்த்தாள். கையைச் சும்மா வைத்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

மத்தியானம் லாரி வந்து தெருமுனையில் நின்றது. எல்லையைத் தாண்டி இந்தோனேசியப் பக்கத்து அத்தம்புவாவுக்குச் சனத்தை அள்ளிக்கொண்டு போகிற லாரி. பல்பினா ஏற்கனவே அதில் உட்காரவைக்கப்பட்டிருந்தாள். ருஃபினு இரண்டு பையன்களோடு வீட்டுக்குள் வந்தான். சாராய வாடை அவனுக்கு முன்னால் வந்தது.

"ஏறுங்க ரெண்டு பேரும்."

"அவரால நடக்க முடியாது. நீ ஒடச்ச காலு" என்றாள் ஜுவிதா.

"அப்ப நீ மட்டும் வா."

அனிசேத்து பாயில் கிடந்தபடி பேசினான். வாழ்நாளில் அவன் பேசிய பேச்சிலேயே நீளமானது அதுதான். "ருஃபினு, நீங்க தோத்துட்டீங்க. லாரியில யார ஏத்தினாலும் அது மாறாது. வீட்டுக்குப் போ. ஒங்கம்மாவ எறக்கிவிடு. கால் ஒடஞ்சத நான் மறந்துடறேன்."

ருஃபினு வெட்டுக்கத்தியை எடுத்தான். அனிசேத்து கையைக் குறுக்கே வைத்தான். முதல் வெட்டு கையில், அடுத்தது கழுத்தில். அதற்குப் பிறகும் ருஃபினு வெட்டிக்கொண்டே இருந்தான். கூட வந்த பையன்களில் ஒருவன் வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

"போய்க் குலவீட்டக் கொளுத்துங்கடா" என்று மூச்சிரைக்க ருஃபினு அவர்களிடம் சொன்னான். குலவீடு என்பது குன்றின்மேல் உயரக் கூரையோடு நின்ற பொது வீடு. பல்பினா, ஜுவிதா, ருஃபினு எல்லாரும் அந்த வீட்டுச் சந்ததி. முன்னோரின் வாளும் மணிமாலையும் அங்கேதான் இருந்தன.

"அது ஒங்க தெய்வம்ணே" என்றான் ஒருவன்.

"சொன்னதச் செய்."

அவர்கள் போனார்கள். ருஃபினு மெஷினுக்கு முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தான். தலைப்பட்டி கழுத்துக்கு இறங்கியிருந்தது. அவன் அவளைப் பார்க்காமல், சின்ன வயதில் கேட்பதுபோலவே கேட்டான்: "தண்ணி குடுக்கா."

அந்த 'அக்கா'தான் அவளுக்குள் எதையோ அறுத்துவிட்டது என்று பிற்பாடு சொல்லியிருக்கிறாள். வெட்டியபோது அவள் கத்தவில்லை. தண்ணீர் கேட்டபோதுதான் அவள் உடம்பு அசைந்தது. கரி கனன்றுகொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்து அவன் முகத்தில் அடித்தாள். மூடி திறந்து கங்கு அவன் மடியில் கொட்டியது. அவன் அலறி எழுந்து தடுமாறி, அனிசேத்துவின் ரத்தத்தில் வழுக்கி விழுந்தான். அவள் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலை இரண்டு கையாலும் பிடித்து அவன் மேல் விழுந்தாள். அவன் அவள் முடியைப் பிடித்தான், தோளைக் கடித்தான். அவள் நிறுத்தவில்லை. அவன் நிறுத்திய பிறகும் அவள் நிறுத்தவில்லை.

அதற்கப்புறம் செய்ததையெல்லாம் நிதானமாகச் செய்தாள். ருஃபினுவைக் காலைப் பிடித்து இழுத்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த கக்கூஸ் குழியின் பலகையைப் பெயர்த்து, அதில் தள்ளினாள். மேலே கல்லும் மண்ணும் போட்டாள். அனிசேத்துவைப் பாயோடு சுருட்டி மக்காச்சோளத் தட்டைக்குள் படுக்கவைத்தாள். பிறகு தன் வீட்டுக்குத் தானே தீ வைத்தாள். லாரியில் இருந்தவர்கள் புகையைப் பார்த்து, ருஃபினு வேலையை முடித்துவிட்டு வேறு வண்டியில் போய்விட்டான் என்று நினைத்துக் கிளம்பிவிட்டார்கள். குன்றின்மேல் குலவீடும் எரிந்தது. அவள் இரண்டு புகைக்கும் நடுவே நடந்து மலைக்குப் போனாள்.

வெளிநாட்டுச் சிப்பாய்கள் வந்து சேர்ந்த பிறகு ஊர் இறங்கி வந்தது. ஜுவிதா புருசனைப் புதைத்தாள். நடந்ததை மறைக்கவில்லை. ஐ.நா. போலீஸ்காரரிடமும் சொன்னாள், ஊர்க்கூட்டத்திலும் சொன்னாள்: "ருஃபினுவ நாந்தான் கொன்னேன். இன்னொரு தடவ வந்தா இன்னொரு தடவ கொல்லுவேன்." போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போனார். வழக்கு எதுவும் வரவில்லை. ஊர் அவளைத் தலையில் தூக்கிவைத்தது. எங்கே போட்டாள் என்பதை மட்டும் அவள் யாருக்கும் சொல்லவில்லை. ஆற்றில் போயிருக்கும் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

அடுத்த வருடம் பல்பினா எல்லை தாண்டித் திரும்பி வந்தாள். பாதி உடம்பாகியிருந்தாள். நேராக, கன்னியாஸ்திரிகள் கொடுத்த வேறொரு மெஷினோடு ஜுவிதா குடியிருந்த தகரக் கொட்டகைக்கு வந்தாள்.

"எம்புள்ள எங்கடி?"

"செத்துட்டான். நாந்தான் கொன்னேன்."

"அது அத்தம்புவா வரைக்கும் தெரியும். எங்க போட்டன்னு கேக்கறேன்."

ஜுவிதா சொல்ல மறுத்துவிட்டாள். முதலில் அது கோபம். எம் புருசனைத் துண்டாக்கினவனுக்கு ஒரு மண்மேடு எதற்கு என்ற கோபம். நாளாக ஆக, கோபத்துக்கு அடியில் வேறொன்று இருப்பது அவளுக்கே தெரிந்தது. தன்னை வளர்த்தவளிடம் போய், ஒம்புள்ளையைப் பீக்குழியில் போட்டேன் என்று எந்த வாயால் சொல்வது. சொல்லாமல் இருக்க இருக்க, சொல்வது இன்னும் கஷ்டமானது.

பல்பினா கறுப்பு உடுத்திக்கொண்டாள். அந்த ஊர் வழக்கத்தில் சாவுக்கு ஒரு வருடம் கறுப்பு, பிறகு கல்லறையில் பூப்போட்டு, சமைத்துப் போட்டுக் களைவார்கள். கல்லறை இல்லாதவள் எங்கே பூப்போடுவாள். வருடம் தாண்டியும் கறுப்பிலேயே இருந்தாள்.

குலவீட்டுக்குப் புதுத் தூண்கள் நட்டார்கள். கூரை வேயும் நாள் குறிக்கப் போனபோது, குல வழக்குச் சொல்லும் பெரியவர் மாவ் லெட்டோ மறுத்துவிட்டார். "ஒரே வீட்டு ரத்தம் ரெண்டு பக்கமும் சிந்திக் கெடக்கு. செத்தவன் ஒருத்தன் வெளியில கெடக்கான். அவன் கெட்டவனோ நல்லவனோ, இந்த வீட்டு ஆளு. அவனக் கொண்டுவராம மேல புல்லுப் போட்டா, அடியில இருக்கிறவங்க தல மேலதான் விழும்." தூண்கள் மழையில் நனைந்தபடி நின்றன.

இரண்டாயிரத்து இரண்டு மே மாதம் நாடு பிறக்கப்போகிறது, ஊருக்கு ஊர் கொடி ஏறப்போகிறது என்று செய்தி வந்தது. ஊர்த்தலைவர் லம்பர்த்து துணிகளோடு வந்தார்.

"அக்கா, நீங்கதான் தைக்கணும். கொடிக்காக அப்பனக் குடுத்தவங்க, புருசனக் குடுத்தவங்க."

"நான் யாரையும் குடுக்கல. புடுங்கிக்கிட்டாங்க. ரெண்டும் ஒண்ணில்ல, லம்பர்த்து" என்றாள் ஜுவிதா. ஆனால் துணியை வாங்கிக்கொண்டாள்.

சிவப்பை வெட்டிவிட்டு, மஞ்சள் முக்கோணத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பல்பினா வாசலில் வந்து நின்றாள். கறுப்புத் துணி மேசையில் விரிந்து கிடந்தது. பல்பினா தன் கறுப்புப் பாவாடையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவனுங்களுக்கும் தச்ச. இவங்களுக்கும் தைக்கிற. எவன் வந்தாலும் ஒனக்குத் தையக்கூலி."

"பெரியம்மா, போயிடு."

"எம்புள்ள தலையில கட்டினியே பட்டி, அதுவும் நீ தச்சதுதான. தச்சுக் கட்டிவிட்டு, அப்புறம் குத்திக் கொன்னவ."

"அவன் செஞ்சது தெரியாதா ஒனக்கு? அவர் கழுத்துல எத்தன வெட்டுன்னு சொல்லட்டுமா?"

"தெரியும். அந்தப் பையனுங்க லாரியில வந்து பேசினானுங்க, எனக்குக் காது இருக்கு. அவன் தப்பில்லன்னா நான் சொன்னேன்? எலும்பக் குடுன்னுதான கேக்கறேன்."

பல்பினா சிவப்புத் துணியைப் பிடுங்கிக் குறுக்கே கிழித்தாள். ஜுவிதா பாய்ந்தாள். இரண்டு பெண்களும் தகரச் சுவரில் மோதி விழுந்தார்கள். பல்பினா நகத்தால் கீறினாள், ஜுவிதா அவள் கழுத்தைப் பிடித்து மண்ணில் அழுத்தினாள். கிழவி கையில் அகப்பட்ட கத்தரிக்கோலை ஓங்கினாள். அது ஜுவிதாவின் உள்ளங்கையில் ஏறி மறுபுறம் முனை தெரிந்தது. ஸெலியா ஓடிவந்து கத்தினாள். அக்கம்பக்கம் கூடிவிட்டது.

பல்பினா கத்தரிக்கோலை விட்டுவிட்டாள். ஜுவிதாவின் கையிலிருந்து வழிகிற ரத்தத்தைப் பார்த்தாள். பழக்கம் போலிருக்கிறது, தன் பாவாடை ஓரத்தைக் கிழித்து அந்தக் கையைச் சுற்றி இறுக்கினாள். இறுக்கிக்கொண்டே அழுதாள்.

"கக்கூஸ் குழியில" என்றாள் ஜுவிதா.

"என்னது?"

"பழைய வீட்டுக்குப் பின்னால. கக்கூஸ் குழியில போட்டேன், பெரியம்மா. கல்லப் போட்டு மூடினேன்."

பல்பினா கட்டுவதை நிறுத்தவில்லை. முடிச்சுப் போட்டு முடித்தாள். எழுந்து நின்றாள். ஜுவிதாவின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு வெளியே போய், கூடி நின்றவர்களிடம், "மம்பட்டி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டாள்.

ஆண்கள் தோண்டினார்கள். எலும்பு தெரிந்ததும் பல்பினா அவர்களை விலக்கிவிட்டுத் தானே இறங்கினாள். ஒவ்வொன்றாக எடுத்து மேலே நீட்டினாள். வாங்க முதலில் யாரும் கை நீட்டவில்லை. கட்டுப்போட்ட கையோடு ஜுவிதா வந்து வாங்கி, வாளித் தண்ணீரில் கழுவி வைத்தாள். நைலான் தலைப்பட்டி மக்காமல் அப்படியே இருந்தது. லம்பர்த்து அதைக் குச்சியால் தூக்கி, "இத எரிச்சிடலாம்" என்றார். "குடு இங்க" என்று பல்பினா வாங்கி, பிழிந்து, எலும்புகளோடு வைத்தாள். யாரும் எதிர்க்கவில்லை. ஒருவன் மட்டும் காறித் துப்பிவிட்டுப் போனான்.

எலும்புகளைக் கல்லறையில் வைத்த பிறகு, மாவ் லெட்டோ பாய் விரித்து இரண்டு பக்கத்தையும் வழக்குக்கு உட்காரவைத்தார். ஜுவிதா ஓர் எருமை தரவேண்டும், ருஃபினு தரவேண்டியதை அவன் அம்மா ஒரு பன்றியாகவும் நெய்த துணியாகவும் தரவேண்டும் என்று முடிவானது. ருஃபினுவுக்காக ஜுவிதா கறுப்பு உடுத்த வேண்டும் என்று பல்பினா கேட்டாள்.

"அது முடியாது" என்றாள் ஜுவிதா. "எலும்பக் கழுவினேன். எருமையும் தரேன். அவனுக்காக அழ மாட்டேன்."

பெரியவர் பல்பினாவைப் பார்த்தார். "விடு" என்றாள் அவள்.

கொடி நேரத்துக்குத் தயாரானது. ஜுவிதாவின் வலது கை கட்டில் இருந்ததால் அவள் மிதித்தாள், ஸெலியா துணியைத் தள்ளினாள். கிழிந்த சிவப்பை ஒட்டுத்தையல் போட்டுச் சேர்த்திருந்தார்கள். அப்பாவைக் கட்டிய மைதானத்தில் அது ஏறியபோது கிழவர்கள் வாய்விட்டு அழுதார்கள். ஜுவிதா அண்ணாந்து பார்த்தாள். தையல் கொஞ்சம் இழுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். அவ்வளவுதான்.

அடுத்த கோடையில் குலவீட்டுக்குக் கூரை வேய்ந்தார்கள். பல்பினாவும் ஜுவிதாவும் ஒரே வரிசையில் நின்று புல்கட்டுக் கைமாற்றினார்கள். ஆனால் பேசிக்கொள்ளவில்லை. அதற்கப்புறமும் அதிகம் பேசியதில்லை. பண்டிகைக்கு ஒருவர் வீட்டுக் கறி இன்னொருவர் வீட்டுக்குப் போகும், பிள்ளைகள் கையில்.

பல்பினா இறந்தபோது குளிப்பாட்ட மகள் இல்லை. ஜுவிதா போனாள். ருஃபினுவின் சித்தப்பா மகன் ஒருவன் வாசலை மறித்தான்.

"புள்ளையக் கொன்னவ அம்மாவத் தொடக்கூடாது."

"நகர்டா" என்றாள்.

அவன் எறிந்த கல் நெற்றியைப் பிளந்தது. அவள் தோள் துண்டால் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள். குளிப்பாட்டி, தலைசீவி, உடுத்தி முடித்த பிறகுதான் மாலியானா ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி ஏறினாள். தையல் போட்ட நர்ஸ், எப்படி ஆச்சு என்று கேட்டாள்.

"குடும்ப விசயம்" என்றாள் ஜுவிதா. "நெருக்கமா போடும்மா. தழும்பு கோணலா இருந்தா எனக்குப் பிடிக்காது."